இரண்டு டிகிரிக்கு ஒரு வெட்டு

ஜிபார் எஜே அடித்த மணிக்கு, எங்கள் ஊர் கர-புலுங்கின் கல்லறைக் குன்றில் படுத்திருந்த ஏழு தலைமுறையும் எழுந்து உட்கார்ந்தது என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். அதில் ஆறு தலைமுறை என் கைச்சரக்கு. மீதி ஒன்று புரண்டாவது படுத்திருக்கும். அதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஜிபார் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு சொன்னவள். பிள்ளைகள் மட்டுமல்ல, ஊரே அவளை எஜே, அதாவது அக்கா என்றுதான் கூப்பிட்டது. கோட்டுப் பையில் சாக்பீஸையும் உலர்ந்த தயிர் உருண்டையையும் ஒன்றாகப் போட்டு வைத்திருப்பாள். யோசனையில் சாக்பீஸைக் கடித்துவிட்டு, தயிர் உருண்டையால் கரும்பலகையில் எழுதப் பார்த்த நாட்கள் உண்டு. கணக்கில் மட்டும் கை தவறாது. அதுதான் அவள் பெருமை. பிற்பாடு அதுவே அவளை அரித்தது.

அந்த வசந்தத்தில் நேர்விகிதம் நடத்த வேண்டியிருந்தது. புத்தகத்தில் ரயில் ஓடியது. எங்கள் பிள்ளைகள் ரயிலைக் கண்டதில்லை. கண்டதெல்லாம் பள்ளிக்கூடத்து மதிலை உரசிக்கொண்டு ஓடும் ஆறுதான். மேலே பனிமலையில் வெயில் ஏறினால் ஆற்றில் தண்ணீர் ஏறும். எஜே ஒரு நீளக் கம்பில் கத்தியால் வெட்டுக்குறி போட்டாள். குளிர்காலத் தண்ணீர் நின்ற இடம் பூஜ்யம். தினமும் இரண்டு பிள்ளைகள், ஒருவர் பின் ஒருவராக, நடுப்பகலில் பாலத்திலிருந்து கம்பை இறக்கி, நனைந்த இடத்தில் சிவப்புக் கம்பளி நூல் கட்டி, வெட்டை எண்ணி எழுதித் தர வேண்டும். பள்ளிச் சுவரில் வெப்பமானி தொங்கியது.

எட்டு டிகிரிக்கு நாலு வெட்டு. பன்னிரண்டுக்கு ஆறு. இருபதுக்குப் பத்து. புள்ளிகளை இணைத்தால் பூஜ்யத்திலிருந்து கிளம்பி நூல் பிடித்தாற்போல் ஒரே கோடு.

"ஒண்ணு ரெண்டு மடங்கானா இன்னொண்ணும் ரெண்டு மடங்காகும். இங்க ரெண்டு டிகிரிக்கு ஒரு வெட்டு. கோடு வளைஞ்சா எங்கயோ தப்பு இருக்குன்னு அர்த்தம்."

"ஆத்துல தப்பா, கம்புல தப்பா எஜே?" என்றான் கடைசி பெஞ்சு தலாய்.

"உன் தலையில."

வகுப்பு சிரித்தது. தலாயும் சிரித்தான்.

மே மாதம் மூன்றாம் வாரம் வெயில் திடீரென்று உறைக்க ஆரம்பித்தது. இருபத்திரண்டு டிகிரி. பதினொரு வெட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பதுதான். கம்பு சாய்ந்திருக்கும் என்று எஜே விட்டுவிட்டாள். மறுநாள் இருபத்துநாலு. அன்றைய முறை தலாய்க்கும் மெய்கினுக்கும். இன்று எனக்கு மருமகளாகி, அம்மா முறையில் என்னை அபா என்று கூப்பிடுகிற அதே மெய்கின்தான். தலாய் பன்னிரண்டு என்று எழுதினான். மெய்கின் ஏழு என்றாள்.

"சூடு ஏறியிருக்கு, தண்ணி இறங்குச்சா? நீ பாலத்துப் பக்கமே போகலை."

"போனேன் எஜே."

"எங்க, அடுப்படிக்கா?"

பதிவேட்டில் தலாய்க்கு ஐந்து, முழு மார்க். மெய்கினுக்கு இரண்டு. இரண்டு என்றால் தேறவில்லை.

அடுத்த நாள் இருபத்தைந்து டிகிரி. சாயங்காலம் எஜே வாளியோடு ஆற்றுக்குப் போனாள். வழக்கமாக வாளி வைக்கும் கல் காய்ந்து கிடந்தது. அதைத் தாண்டி நாலடி இறங்கித்தான் தண்ணீரைத் தொட முடிந்தது. பக்கத்தில் இருப்பவர் பேச்சுக்கூடக் கேட்காதபடி இரைகிற ஆறு, தொண்டை கட்டியவன் போல முனகிக்கொண்டிருந்தது. பெண்கள் நடு ஆற்றில் கம்பளத்தை விரித்து அலசினார்கள்.

"இந்த வருஷம் ஆறு நமக்குத் தள்ளி உக்கார்ந்து இடம் விட்டிருக்கு எஜே," என்றாள் ஒருத்தி.

எஜே பாலத்தில் ஏறிக் கம்பை இறக்கினாள். நாலு வெட்டு. கரையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த தலாயைக் கூப்பிட்டாள்.

"நேத்து நீ பாலத்துக்குப் போனியாடா?"

"எதுக்குப் போகணும் எஜே? நீங்கதானே சொன்னீங்க, ரெண்டு டிகிரிக்கு ஒரு வெட்டுன்னு. வீட்டிலயே கணக்குப் போட்டேன்."

அவளுக்கு முகம் சிவந்தது. கோபம் அவன் மேலா, தன் மேலா என்று அவளுக்கே தெரியவில்லை. "நாளைக்குப் பள்ளி முடியுற விழாவுக்கு முன்னாடி நீயே போய் இறக்கு. நூல் கட்டி எடுத்துட்டு வா. அப்பதான் அந்த அஞ்சு உன்னோடது."

வீட்டுக்கு வந்து நோட்டைப் பிரித்தபோதுதான் உறைத்தது. முதல் நாள் இரண்டு வெட்டு குறைவு. மறுநாள் ஐந்து. இன்று எட்டரை. வெயில் காய்கிறது, பனி உருகுகிறது. உருகிய தண்ணீர் கீழே வரவில்லை என்றால் மேலே பள்ளத்தாக்கில் ஏதோ சரிந்து வழியை அடைத்திருக்கிறது. மூன்று நாள் தண்ணீர் அங்கே நிற்கிறது. நாளைக் காலை பத்து மணிக்குக் கடைசி மணி விழா. ஊர் முழுக்கப் புதுத்துணி உடுத்தி ஆற்றங்கரைப் பள்ளி முற்றத்தில்தான் நிற்கும்.

நோட்டை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியர் எசென்பெக் வீட்டுக்கு ஓடினாள். அவரை அவள் பைகே, அதாவது அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

"தண்ணி ஏறினா ஓடலாம் தங்கச்சி. இறங்கினதுக்கு யாராவது ஓடுவாங்களா?"

"இறங்கலை பைகே. வரலை. ரெண்டும் வேற."

"சரி, விழாவை எங்க வைக்கணுங்கிற?"

"மேடுன்னு நமக்கு இருக்கிறது கல்லறைக் குன்று ஒண்ணுதானே."

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "பள்ளி முடிக்கிற பிள்ளைங்களைச் சமாதிக்கு நடுவுல நிறுத்தினா, ஊரு என்னையும் அங்கயே படுக்க வெச்சிட்டு வந்துடும். வீட்டுக்குப் போய் டீ குடிச்சிட்டுத் தூங்கு."

அவள் தூங்கவில்லை. விடிந்ததும் பள்ளிக்கூடத்துக்குள் போய், ரிப்பன் கட்டித் தயாராக இருந்த பித்தளை மணியை எடுத்துக்கொண்டாள். வாசலில் விழாவுக்கு அணியும் வெள்ளை ஏப்ரனோடு மெய்கின் நின்றிருந்தாள்.

"எனக்கு ரெண்டு போட்டீங்க எஜே."

"தெரியும். இப்ப இதை ஒரு கை பிடி."

பத்துக்குக் கால்மணி இருக்கும்போது கல்லறைக்கு நடுவிலிருந்து மணி கேட்டது. முற்றத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராக அண்ணாந்து பார்த்தார்கள். இறந்தவர்கள் தூங்கும் இடத்தில் மணி அடிக்க எங்கள் ஊரில் யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை. முதலில் கிழவர்கள் கம்பை ஊன்றிக் கிளம்பினார்கள், பிறகு தாய்மார்கள், பின்னால் வேடிக்கை பார்க்கப் பிள்ளைகள். அவளைத் திட்டுவதற்கென்றே ஊர் முழுக்க மேலே ஏறியது.

"செத்தவங்களை எழுப்புறியா, பைத்தியக்காரி?" என்று மூச்சிரைத்தார் எசென்பெக்.

"உங்களைத்தான் எழுப்பினேன் பைகே."

எசென்பெக் ஆற்றுப் பக்கம் திரும்பினார். ஆற்றின் முனகல் நின்றிருந்தது. நாய்கள் வாலை ஒடுக்கிக்கொண்டன. பள்ளத்தாக்கிலிருந்து ஈரமண் வாசனையோடு குளிர்காற்று வந்தது. அதற்குப் பின்னால், பாறைகளை மென்றுகொண்டு, பழுப்பு நிறத்தில் ஒரு சுவர் வந்தது. பாலம் போனது. பள்ளிக்கூடம், வெப்பமானியும் பதிவேடுமாக, ஒருமுறை திரும்பி நின்று பார்த்ததுபோல் சுழன்று போனது.

எஜே தலைகளை எண்ணினாள். ஏழாம் வகுப்பில் இருபத்துமூன்று பேர். இருபத்திரண்டு இருந்தது. மறுபடியும் எண்ணினாள். இருபத்திரண்டுதான். பாலத்துக்கு யாரை அனுப்பினோம் என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. மணி கையிலிருந்து நழுவியது.

அப்புறம், குன்றின் பின்பக்கமாகத் தலாய் ஏறி வந்தான். முழங்கால்வரை சேறு, கையில் கம்பு. "ரெண்டு வெட்டு எஜே, நிஜமாவே அளந்தேன்" என்றான். எஜே அவனைக் கட்டிக்கொண்டு…

"அபா," என்றாள் மெய்கின். மாவு பிசைந்த கையோடு என் தோளுக்குப் பின்னால் நின்று, நான் எழுதியதை இதுவரை படித்திருக்கிறாள். "ஒவ்வொரு தடவையும் நீங்க அவனை மேல ஏத்திடுறீங்க. அவன் ஏறலை. ஏழாம் நாள் கம்பு மட்டும் கிடைச்சுது. ரெண்டாவது வெட்டுல நூல் கட்டியிருந்துச்சு."