மாக்கிறட் அக்காவின் கொம்பனி

லொறியின் பின்பலகையை உள்ளங்கையால் தட்டி, "எடு மகன்" என்கிறார் மாக்கிறட் அக்கா. சாரதிக்கு அவரைவிட வயது அதிகம். ஆனாலும் மகன்தான். பாலாவிச் சந்தியில் பாண் கடைக்காரரும் மகன், பஸ் கொண்டக்டரும் மகன், துவக்கோடு நிற்கிற ஆமிக்காரரும் மகன். லொறிக்குள் இருக்கும் பெண்கள் சாக்கை விரித்து உட்கார்ந்துகொள்வார்கள். அக்கா மட்டும் கம்பியைப் பிடித்தபடி புத்தளம் களப்போரத்து இறால் ஆலைவரை நின்றுகொண்டே போவார். குந்தியிருந்து பேசினால் சண்டையில் தோற்றுப்போவோம் என்பது அவருடைய நம்பிக்கை. சண்டைக்கு ஆள் இல்லாத நாளிலும் நிற்பார்.

ஆலையில் இறாலின் தலையைக் கிள்ளி, ஓடு கழற்றிக் கழுவுவது இவர்களுடைய வேலை. நாள் முழுக்க ஐஸ் தண்ணீருக்குள் கை. மாலையில் தேசிக்காயைத் தேய்த்து, மூக்கருகே விரலைக் கொண்டுபோய்ப் பார்த்து முகம் சுளிப்பார் அக்கா. "வெள்ளைக்காரன் திங்கிறான், நாங்க மணக்கிறம்" என்பார். அவர் எத்தாளை ஊர்க் கத்தோலிக்கக் குடும்பம். கணவரைக் கடல் கொண்டுபோன பிறகு பாலாவிக்கு வந்தவர். சிங்களத்தையும் தமிழைப் போலவே, அதே சத்தத்தில் பேசுவார்.

போன வருடம்வரை இந்தப் பெண்கள் சிலாபத்து முதலாளி ஒருவரின் கீழ் இருந்தார்கள். அவருடைய கொம்பனி ஆலைகளுக்கு ஆள் அனுப்புகிற கொம்பனி. சம்பளம் அவர் கைக்குப் போய், அவர் எடுப்பதை எடுத்தபின் மிச்சம் இவர்களுக்கு வரும். "எல்லாரும் ஒரு குடைக்குக் கீழ வந்திட்டீங்க, இனி ஒண்டுக்கும் பயமில்ல" என்று முதல் நாள் அவர் சொன்னாராம். அன்றிலிருந்து அவருக்குப் பெயர் குடை. அந்தக் குடையில் ஒரு நல்லது இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. அவர் கொடுத்த கொம்பனி அட்டையைக் கண்டால் சோதனைச் சாவடியில் லொறியை நிறுத்தாமல் விடுவார்கள். இந்த யுத்த காலத்தில் தமிழ் பேசும் பெண் ஒருத்திக்கு அது சின்ன விஷயம் அல்ல.

பிறகு லொறிப் பெண்களில் ஒருத்தியான ஹாஜராவின் கை வெந்தது. இறால் கழுவும் தொட்டியில் ஆலைக்காரன் ஒருவன் குளோரினை அளவில்லாமல் கொட்டியிருந்தான். முதலில் கையை விட்டவள் ஹாஜரா. முழங்கைவரை தோல் உரிந்து புத்தளம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மாக்கிறட் அக்கா மனேஜரிடம் போனார். "அவ எங்கட ஆள் இல்ல, லேபர் கொம்பனிட ஆள்" என்றார் மனேஜர். அக்கா சிலாபத்துக்கு பஸ் ஏறினார். "நாங்க ஆள் அனுப்புறது மட்டும்தான், மருந்து கொட்டினது ஆலை" என்றார் முதலாளி. வெந்த கை ஒன்று இருந்தது, அதற்கு உரியவர் எவருமே இல்லை. நல்ல உடுப்புப் போட்ட இரண்டு மனிதர்கள் இதைக் கூச்சமே இல்லாமல் ஒரு பெண்ணின் முகத்துக்கு நேரே சொன்னார்கள்.

அக்கா திரும்பி வந்து, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற என்னிடம் சொன்னது இதுதான்: "அவர்ர குடை வெயிலுக்குத்தான் டீச்சர். மழை வந்தா மடிச்சுக் கக்கத்துல வச்சுக்கிறார்."

இனி அந்த முதலாளியிடம் வேலையில்லை என்று முடிவெடுத்தார். தனி ஆளோடு ஆலை ஒப்பந்தம் செய்யாது, கொம்பனியாகப் பதிந்தால் பார்க்கலாம் என்றார் மனேஜர். வளர்ப்புக் குளங்களில் நோய் பரவி இறாலை அவசரமாக அள்ளிக்கொண்டிருந்த மாதம் அது. வேலைக்குக் கைகள் இல்லாவிட்டால் இறால் அழுகிப்போகும். அதனால்தான் மனேஜர் அந்த அளவுக்காவது இறங்கினார். இங்கிலீசு விளங்குகிற ஆள் வேண்டுமென்று என்னையும் இழுத்துக்கொண்டு சட்டத்தரணி ஒருவரிடம் போனார் அக்கா.

"லிமிட்டட் எண்டா பொறுப்புக்கு ஒரு எல்லை இருக்கு அம்மா," என்று அவர் பொறுமையாக விளக்கினார். "நாளைக்குக் கொம்பனி விழுந்தாலும் உங்கட வீடு வளவைத் தொட ஏலாது."

"நல்லம். ஒரு புள்ளைக்குக் கை வெந்தா?"

"அதுக்கும் கொம்பனிதான் பொறுப்பு. நீங்க இல்ல."

"கொம்பனி எங்க இருக்கும்?"

"பதிவில இருக்கும்."

"அப்ப ஆஸ்பத்திரிக்கு ஆரு போற? பதிவா?"

சட்டத்தரணி படிவத்தை என் பக்கம் தள்ளினார். திரும்பி வரும் வழியில், பாலாவி நெருங்கும்போது அக்கா சொன்னார்: "குடை, லிமிட்டட், ரெண்டும் ஒளிக்கிறதுக்குச் செஞ்ச இடம்தான். ஒண்டுல அவன் ஒளிக்கிறான். மத்ததுல நான் ஒளிக்கலாம் எண்டு இவர் சொல்லித்தாறார். நான் ஒளிக்காம இருந்தாச் சரிதானே."

கொம்பனிக்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். அக்கா தன் தம்பியின் பெயரைத்தான் போடுவார் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். அவர் ஹாஜராவின் பெயரைக் கொடுத்தார். "எனக்கு என்ன தெரியும் அக்கா, கையும் சரியில்லாம ஈக்கிறன்" என்று ஹாஜரா அழுதாள். "மருந்து எவ்வளவு போட்டா எரியும் எண்டு உன்னைவிட ஆருக்குத் தெரியும்" என்றார் அக்கா. ஒப்பந்தம் பேசப் போனபோது இருவரும் சேர்ந்தே போனார்கள். இனிக் குளோரின் கலப்பது தங்கள் பெண்கள்தான் என்பதை மனேஜரிடம் வாதாடி வாங்கினார்கள். ஹாஜராவின் கைக்கு மட்டும் இன்றுவரை ஆலையும் ஒன்றும் தரவில்லை, சிலாபமும் தரவில்லை.

குடையை விட்டு வரப் பயந்தவள் பூமணி. உடப்பு என்ற தமிழ் மீனவக் கிராமத்துக்காரி, பாலாவியில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருக்கிறாள். அரசாங்க அடையாள அட்டையில் ஒரு ஊர், இருப்பது வேறு ஊர். "அந்தக் கொம்பனி அட்டை இருந்தபடியாத்தான் நான் றோட்டுல போறன் அக்கா. உங்கட பேரைக் காட்டினா விடுவாங்களா?" என்று கேட்டாள். அப்படியும் கடைசியில் மற்றவர்களோடு அவளும் அக்காவின் லொறியில் ஏறினாள்.

புதிய கொம்பனியின் முதல் காலையில் சாவடியில் லொறியை மறித்தார்கள். நான் பள்ளிக்கூடம் போகிற பஸ்ஸையும் பின்னால் மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். புதிய கொம்பனி அட்டையில் இருந்த பெயரை ஒரு சிப்பாய் இரண்டு தரம் வாசித்தான். கேள்விப்படாத கொம்பனி. இதற்குப் பொறுப்பு யார் என்று சிங்களத்தில் கேட்டான்.

"நான்தான் மகன்" என்றார் அக்கா, அதே சிங்களத்தில்.

எல்லோருடைய அடையாள அட்டைகளையும் பார்த்துவிட்டு, மற்றவர்கள் போகலாம், பூமணி நிற்க வேண்டும் என்றான். அக்கா பின்பலகையைத் தட்டி லொறியை அனுப்பினார். ஹாஜரா அதில் போனாள், ஆலையில் யாராவது நிற்க வேண்டுமே. சிப்பாய் அக்காவையும் போகச் சொன்னான். "என்ட வேலையாளை விட்டுட்டு நான் எங்க போற?" என்று கேட்டுவிட்டுப் பூமணியின் பக்கத்தில் போய் நின்றார். எங்கள் பஸ்ஸை விடவே இல்லை. வெயில் ஏறியது. உடப்புக்கு, பொலிசுக்கு, எங்கெங்கோ தொலைபேசியில் கேட்டார்கள். பூமணி குற்றம் செய்தவள் போலத் தலையைக் குனிந்திருந்தாள். ஏதும் செய்யாத ஒரு பெண்ணை இப்படி நடுத்தெருவில் குனிய வைக்க ஒரு ஊர்ப்பெயர் போதுமாயிருந்தது.

மதியத்துக்குச் சற்று முன் விசாரணை முடிந்தது. போகலாம் என்று சொல்லிச் சிப்பாய் பூமணியின் அடையாள அட்டையை மணல்மூட்டையின் மேல் எறிந்தான். அது சறுக்கித் தரையில் விழுந்தது. பூமணி எடுக்கக் குனிந்தாள். மாக்கிறட் அக்கா அவளுடைய முழங்கையைப் பிடித்து நிமிர்த்தினார். சிப்பாய் குனிந்து எடுத்து அவள் கையில் தரும்வரை இருவரும் அங்கேயே நின்றார்கள்.