முந்திரி ஏன் சொறிந்தது?

கால்நடை வைத்தியத்தில் நோயாளி பொய் சொல்வதில்லை. கூட வருகிறவர்கள் அந்தக் குறையை வைப்பதில்லை. வீட்டில் ஏதாவது ஒன்றை ஆசையாக வளர்த்து, அது சொறிவதைப் பார்த்துத் தானும் சொறிந்து, தூக்கம் கெட்டு உட்கார்ந்திருப்பவர்களே, நாமெல்லாம் ஒரே கட்சி. தென்காசியில் ஆடு, மாடு, நாய் என்று பிழைத்துக்கொண்டிருந்த என்னை ஒரு சாரல் சீசன் முழுக்க நிலைகொள்ளாமல் ஆட்டி வைத்தது, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு வளர்ப்பு எலி, ஹாம்ஸ்டர்.

வரிசையில் ஒரு ஆடு

நாலாம் வகுப்புப் படிக்கும் ஷிஃபானா, பிளாஸ்டிக் டப்பாவில் ஓட்டை போட்டு அதைக் கொண்டுவந்தாள். பெயர் முந்திரி, நிறமும் அப்படித்தான். கழுத்திலும் வயிற்றிலும் முடி கொட்டித் தோல் சிவந்திருந்தது. ஒரு நிமிஷம் சும்மா இருக்க முடியாமல் பின்னங்காலால் பறபறவென்று சொறிந்துகொண்டே இருந்தது. அவள் உம்மா சபியா, இடுப்பில் கைக்குழந்தையோடு வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. குழந்தைக்குத் தொற்றிவிடுமோ என்று பயம். சாரல் முடிவதற்குள் சரியாகாவிட்டால் வாங்கின கடையிலேயே திருப்பி விட்டுவிடப் போவதாகச் சொன்னார். ஷிஃபானா டப்பாவை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

தோலை லேசாகச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். பூச்சியும் இல்லை, பூஞ்சையும் இல்லை. ஏதோ ஒவ்வாமை, குழந்தைக்குத் தொற்றாது என்று சொன்னேன். சபியா நம்பியதாகத் தெரியவில்லை. எது ஒத்துக்கொள்ளவில்லை என்று எனக்கும் தெரியவில்லை. பாவூர்சத்திரத்திலிருந்து ஆட்டோடு வந்து அதுவரை பொறுமையாக உட்கார்ந்திருந்த அண்ணாச்சி ஒருவர், எழுந்து வந்து டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார். "எங்க வீட்டு எலியும் சொறியத்தான் செய்யுது டாக்டர். நாளைக்குப் பிடிச்சிட்டு வரட்டா?"

மாமாவின் கைராசி

ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான் உண்டு. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டுச் சும்மா காத்திருக்க வேண்டும். இதில் மாற்றுவது சுலபம். சும்மா இருப்பது நம் ஆட்களுக்கு வராது, எனக்கே வராது. கூண்டில் போட்டிருந்தது மர அறுவை மில்லிலிருந்து வாங்கிய மரத்தூள். முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். அதை எடுத்துவிட்டு அச்சடிக்காத வெள்ளைத் தாளைக் கிழித்துப் போடச் சொன்னேன். வேறு எதையும் தொடக்கூடாது என்று மூன்று தடவை சொன்னேன்.

நாலு நாள் கழித்து வந்த முந்திரி, சட்டியிலிருந்து எடுத்த வடை மாதிரி எண்ணெய் சொட்டச் சொட்ட இருந்தது. கூட வந்திருந்தவர் ஷிஃபானாவின் மாமா. குற்றாலத்தில் சிப்ஸ் கடை வைத்திருக்கிறார். பிள்ளை அழுவதைப் பார்க்கப் பொறுக்காமல் பக்கத்துக் கடை மூலிகை எண்ணெயைத் தடவி, தீவனத்தையும் நிறுத்தி, நேந்திரம் பழம் கொடுத்திருக்கிறார். இனி எது காரணம் என்று எந்த வைத்தியனாலும் சொல்ல முடியாது, எல்லாம் முதலிலிருந்து. எனக்கு வந்த கோபத்தில் கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டேன். அவர் அசரவில்லை. "சீசனுக்கு வார வெளியூர்க்காரன்லாம் இதத் தேச்சுட்டுத்தான் அருவியில நிக்கான். உள்ளூர்ச் சீவனுக்கு அந்தக் கொடுப்பினை வேண்டாமா டாக்டர்?"

பண்பொழியில் ஒரு பசு

மரத்தூள் போனது, எண்ணெய் போனது. அடுத்து நிலக்கடலை, சூரியகாந்தி விதை, கூண்டு கழுவும் சோப்பு, கொசுவத்தி என்று ஒவ்வொன்றாக நிறுத்தினோம். சொறி நிற்கவில்லை. எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் இருக்கிற ஒவ்வொன்றையும் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தேன்.

ஒருநாள் பண்பொழியில் ஒரு பசு சினையா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கை தோள்வரை மாட்டுக்குள் இருக்கிறது. சட்டைப் பையில் போன் அடிக்கிறது. மாட்டுக்காரர் முருகையாதான் எடுத்து என் காதில் வைத்துப் பிடித்தார். சபியா பேசினார். வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசிகிறதாம். சாரலும் நின்றுவிட்டது, ஞாயிற்றுக்கிழமை கடையில் கொண்டுபோய் விடத் தம்பியிடம் சொல்லியாகிவிட்டது என்றார். பிள்ளை சாப்பிடாமல் கிடக்கிறாள் என்று சொல்லும்போது அவர் குரலும் சரியில்லை. நான் அப்படியே நின்று துணி சோப்பு என்ன, தரை துடைக்க என்ன ஊற்றுகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே போனேன். முருகையா போனைப் பிடித்த கையை மாற்றிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "டாக்டர், கைய விட்டு ரொம்ப நேரமாச்சு. நீங்க உள்ள தேடுதது கன்னுக்குட்டியத்தான?"

சிரட்டைக்குள் இருந்தது

அன்று சாயங்காலமே அவர்கள் வீட்டுக்குப் போனேன். கூண்டு பளிச்சென்று இருந்தது. மூலையில் முந்திரி தூங்குவதற்கு ஒரு தேங்காய்ச் சிரட்டை கவிழ்த்திருந்தது. அதை நான் தூக்கப் போனதும் ஷிஃபானா என் கையைப் பிடித்தாள். உள்ளே நீல நிறத்தில் ஒரு துணித் துண்டு. எடுத்ததும் சென்ட் வாசம் மூக்கில் ஏறியது. சபியா அதை வாங்கிப் பார்த்தார். சவுதியில், தமாமில் வேலை பார்க்கும் அவர் கணவர் போன லீவில் விட்டுப்போன சட்டையின் துண்டு அது. சபியா தேடிக்கொண்டிருந்த சட்டை.

திட்டுவார் என்றுதான் நினைத்தேன். அவர் அந்தத் துண்டை விரலால் நீவிக்கொண்டிருந்தார். ஷிஃபானாவே மெல்லச் சொல்ல ஆரம்பித்தாள். ஹாம்ஸ்டருக்குக் கண் சரியாகத் தெரியாது, ஆளை வாசத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கும் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். வாப்பாவை அது பார்த்ததே இல்லை. அதனால் அவர் சட்டையில் ஒரு துண்டைக் கிழித்து உள்ளே வைத்து, வாசம் குறையும்போதெல்லாம் அவர் சென்ட்டையே அடித்திருக்கிறாள். கூண்டைக் கழுவும்போது ஒளித்துவைத்து, கழுவியதும் திரும்ப வைத்திருக்கிறாள். "சின்னப் பிள்ளையில வாப்பா வந்தப்போ யாருன்னு தெரியாம நான் கட்டிலுக்கு அடியில போய் அழுதேனாம். போன்ல எல்லாரும் அதச் சொல்லிச் சிரிக்காங்க. முந்திரியாவது வாப்பாவத் தெரிஞ்சு வச்சுக்கிடட்டும்னுதான் டாக்டர்."

கடைசி சந்தேகம்

முந்திரிக்கு ஒத்துக்கொள்ளாதது அந்த சென்ட்தான். வாப்பா வந்ததும் தினமும் கொஞ்ச நேரம் கையைக் கூண்டுக்குள் வைத்திருந்தால் போதும், முந்திரி தானாகப் பழகிக்கொள்ளும் என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்தேன். துணியை எடுத்த பிறகு புண் ஆறியது, சொறி நின்றது, வயிற்றில் பஞ்சு மாதிரி முடி முளைத்தது. ஞாயிற்றுக்கிழமைப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து சபியா கிளினிக்குக்குக் குழந்தையோடு தனியாக வந்தார். இந்தத் தடவை உள்ளே வந்து உட்கார்ந்தார். பையில் அந்த நீலச் சட்டையின் மிச்சம், துவைத்து மடித்து இருந்தது. கணவர் கிளம்பிப் போன பிறகு பிறந்த குழந்தை அது. அவர் இன்னும் அதைத் தூக்கியதில்லை. சட்டையை என் மேஜைமேல் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் கேட்டார்: "சென்ட் அடிக்காம வச்சா, இவன் தொட்டில்ல போடலாமா டாக்டர்?"

சென்ட்டை நிறுத்தச் சொல்ல என்னால் முடிந்தது. தமாமை நிறுத்த என்ன எழுதிக் கொடுப்பது என்று எங்கள் காலேஜில் சொல்லித் தரவில்லை.