சேவியர் கட்டிய இரண்டாவது ஊஞ்சல்

ஜெயமங்கலத்துச் சேவியர், தான் விற்கிற வாழை நாற்றுக்குத் திட்டிக்கொண்டேதான் தண்ணீர் ஊற்றுவார். "ஏலே, நிமிந்து நில்லுலே! அடுத்தவன் தோட்டத்துல போயி எம்மானத்த வாங்காத!" தெளிக்கிற மோட்டார் மூலையில் சும்மா கிடக்கிறது. அந்த இரைச்சல் கேட்டால் மகள் இவாஞ்சலின் காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். அதனால் பூவாளிதான்.

பத்து வயதுப் பிள்ளைக்கு ஆட்டிசம். பேச்சு அபூர்வம். நாற்றுப் பந்தலில் ஊஞ்சல் கட்டிக் கொடுத்திருக்கிறார். நாளெல்லாம் ஆடுவாள், தன்னை யாரும் தொட விடமாட்டாள்.

பெங்களூரு ஆய்வகத்தார் அவள் ரத்தம் கொஞ்சம் வாங்கிப் போயிருந்தார்கள். அதை ஸ்டெம் செல்லாக மாற்றி, மூளைத் திசு வளர்த்து, கருவிலே மூளை உருவாகும்போது ஆட்டிசத்தில் எது வேறுபடுகிறது என்று பார்ப்பார்களாம். சேவியர் மேற்கொண்டு விளக்கம் கேட்கவில்லை. வாழைக்கிழங்கில் துளி வெட்டி பாட்டிலில் வளர்த்தால் அச்சு அசலாக முழுக்கன்று வருகிறது. அந்தத் திசு வாழையை விற்றுத்தானே அவர் பிழைப்பே ஓடுகிறது! இன்னொரு இவாஞ்சலின் வரப்போகிறாள் என்று முடிவு கட்டி, பக்கத்திலேயே இன்னோர் ஊஞ்சலும் கட்டிவிட்டார். "நம்ம பாட்டில் கன்னு மாதிரி வெயிலுக்குப் பழக்கி அனுப்புவாகளா, நாமதேன் பழக்கணுமா?" என்று மனைவி மதலேனாளைக் கேட்டார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

கட்டிய பிறகுதான் பயம் பிடித்தது. வருகிறவள் வாயாடியாக இருந்தால்? ஊரே அவளைத் தூக்கிவைத்துக் கொஞ்சும்; இவள் ஓரமாகிவிடுவாளே! பாவம், மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. அந்த ஆய்வகத்து அனிதா மேரிக்குப் போன் போட்டார்.

"மேடம், புதுப்புள்ள எப்ப வருது? இப்பவே சொல்லிப்புடுறேன், எங்க இவாஞ்சலினுக்கு அடுத்துதேன் அது. ரொம்பப் பேசுற புள்ளையா அனுப்பிராதீக."

அனிதா மேரிக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது.

"ஐயா, புள்ளையெல்லாம் வராது. மிளகு அளவு திசுதான். பேசாது, நினைக்காது. ஆய்வகத் தட்டிலேயேதான் இருக்கும்."

"புள்ளயே வராதா?"

"வராதுங்க."

"மாதாவே!" என்று சேவியர் துள்ளிய துள்ளலில் பூவாளி கவிழ்ந்தது. "அப்ப நல்லா வளத்துங்க மேடம். ஒரம் வேணும்னா அனுப்புறேன்!"

கையோடு இரண்டாவது ஊஞ்சலை அவிழ்க்கப் போனார். ஆடிக்கொண்டிருந்த இவாஞ்சலின் நின்றாள். இறங்கி வந்தாள். அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, அந்த ஊஞ்சலில் உட்காரவைத்தாள். பிறகு தன் ஊஞ்சலில் ஏறி, ஆடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சேவியர் தொப்பையை எக்கிக்கொண்டு, இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கினார்.