சோளகம் நின்ற வருசம்

அக்கராயன் குளக்கட்டுக்குப் பக்கத்தில், கம்பிவேலிக்குள் ஒரு மழைமானியும் வெப்பமானியும் இருந்தன. ஒவ்வொரு நாளும் காலை எட்டரைக்கு அவற்றைப் பார்த்துக் கொப்பியில் எழுதுவதுதான் நேசமலரின் வேலை. தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவள். அடுத்த வருசமே இந்த வேலை கிடைத்தது. சண்டைக்காலத்தில் செல் விழுந்த நாட்களிலும் போய்ப் பார்த்து எழுதியிருக்கிறாள். அதனால் மழையைப் பற்றி அவள் சொன்னால் ஊர் கேட்கும்.

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு சித்திரையில், கோடை விதைப்பான சிறுபோகத்துக்குரிய கூட்டம் நடந்தது. குளத்தில் தண்ணீர் பாதிக்கும் கீழே கிடந்தது. கால்வாசி வயல் மட்டும் விதைத்தால் போதும் என்றார்கள் சிலர். மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் எல்லாரும் நேசமலரைப் பார்த்தார்கள். அவள் முதல்நாள்தான் தனது கொப்பிகளையும், தனக்கு முன்னிருந்தவர் விட்டுப்போன கொப்பிகளையும் புரட்டியிருந்தாள்.

“வைகாசியிலை ரெண்டு மழை எப்பிடியும் விழும். விழாத வருசம் இந்தக் கொப்பியளிலை இல்லை” என்றாள்.

கூட்டத்துக்கு வந்திருந்த கமக்காரன் முத்துலிங்கம் அதை நம்பித் தன் இரண்டு ஏக்கரையும் விதைத்தான்.

வைகாசி வந்தது. காலையில் முகில் கட்டும், மத்தியானத்துக்குள் கரைந்துபோகும். தென்மேற்கிலிருந்து வந்து கூரைக் கிடுகைப் பிய்த்தெறிகிற சோளகக் காற்று நாலு நாள் அடித்துவிட்டு நின்றுபோனது. பிறகு இலை அசையவில்லை. முப்பத்தேழு, முப்பத்தெட்டு என்று எழுதிக்கொண்டு போனாள். பகல் வெயிலைவிட அவளைப் பயப்படுத்தியது விடியப்புறத்துச் சூடுதான். இருபத்தொன்பதுக்குக் கீழே அது இறங்கவேயில்லை. மாடுகள் குளத்துச் சேற்றைவிட்டு எழும்ப மறுத்தன.

ஆனியில் முத்துலிங்கத்தின் நெல், கதிர் வெளிவர முன்னம், குடலை தள்ளிய நேரம் வாய்க்கால் வறண்டது. குளத்தின் நடுவில் தண்ணீர் மிஞ்சிய கிடங்குக்கு இறைப்பு மெசினை இழுத்துக்கொண்டு போய், காலையிலிருந்து அங்கேயே நின்றான். அந்த வழியால் வந்த நேசமலர், பத்து மணிக்குப் பிறகு வெயிலில் நிற்கவேண்டாம் என்று கெஞ்சினாள். மழைதான் ஏமாற்றிவிட்டது, இந்தத் தண்ணியாவது போய்ச் சேரட்டும் என்று அவன் சிரித்தான். குறை சொல்கிற சிரிப்பில்லை. அதுதான் அவளைச் சுட்டது.

பின்னேரம் இரண்டு மணிபோல மெசினுக்குப் பக்கத்தில் அவனைக் கண்டெடுத்தார்கள். உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. ஒரு சொட்டு வியர்வையில்லை. வாயில் வந்த பேச்சு ஒருவருக்கும் விளங்கவில்லை. உழவு இயந்திரத்தில் கிளிநொச்சிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. அடுத்தநாள் காலை வெப்பமானி முதல்நாள் உச்சத்தை முப்பத்தொன்பது தசம் ஆறு என்று காட்டியது. நேசமலர் அதை எழுதினாள்.

ஆவணியில் பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவர் கொப்பிகளைப் பார்க்க வந்தார். கடல் சூடாகச் சூடாக வானத்தில் மேலே ஓடும் பெருங்காற்றுகள் தடம் மாறுவதாகச் சொன்னார். அப்படி அவை வேகம் குறைந்து நின்றுவிட்டால், மேலேயிருந்து காற்று கீழ்நோக்கி அமுக்கும். முகில் எழும்பாது. வெக்கை வாரக்கணக்கில் ஒரே இடத்தில் குந்திவிடும். ஒரு வருசத்தை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் இப்படியான கோடைகள் இனி அடிக்கடி வரும் என்றார்.

“அப்ப என்ரை பழைய கொப்பியள்?” என்று நேசமலர் கேட்டாள்.

“அதிலை பிழையில்லை. ஆனா நேற்று நடந்ததை வைச்சு நாளைக்குச் சொல்லுற காலம் போகுது, தங்கச்சி.”

அன்று பின்னேரமே அவள் முத்துலிங்கத்தின் மனைவி சிவலட்சுமியிடம் போனாள். விரிவுரையாளர் சொன்னதையெல்லாம் ஒன்றும் விடாமல் சொன்னாள். சிவலட்சுமி கருகிய நெற்பயிரை மாட்டுக்கு வெட்டிக்கொண்டிருந்தவள், அரிவாளை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நீங்கள் சொல்லாட்டிலும் அவர் விதைச்சிருப்பார், அக்கா” என்றாள். அடுத்த பிடியை அரிந்துகொண்டு, “ஆனா நீங்கள் சொன்னனீங்கள்” என்றாள்.

அடுத்த சித்திரைக் கூட்டத்திலும் நேசமலரைக் கேட்டார்கள். தனக்குத் தெரியாது என்றாள். சிலர் அதைத் தலைக்கனம், கெப்பர் என்று நினைத்து அவளோடு கதைப்பதை விட்டார்கள். சிவலட்சுமி அந்த வருசம் விதைக்கவில்லை. மெசினை விற்றுவிட்டு, பரந்தன் சந்தியில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு இடியப்பம் அவிக்கப் போனாள்.