நாலாம் இருக்கை

ஜூன் மாதத்துச் சனிக்கிழமை. நாங்கள் குடியேறிய ஃப்ரிபூர்க் நகரிலிருந்து எஸ்தவாயே ஏரிக்கரைக்கு ரயிலில் முக்கால் மணி நேரம்கூட இல்லை. இருபத்திமூன்று வயது மகள் துளசி, தஹிதித் தீவிலிருந்து திசைக்கருவி ஏதுமின்றி நட்சத்திரம் பார்த்து ஓடும் பாய்ப்படகில் ஒரு மாதம் போக ஆசைப்படுகிறாள்.

"நீங்கள் வேண்டாமெண்டால் போகேல்லை அப்பா. ஒருக்கா என்னோட வள்ளத்தில ஏறிப்போட்டுச் சொல்லுங்கோ."

மறிக்கத்தான் போனேன். மனைவியும் அதற்குத்தான் அனுப்பினாள்.

கரையில் அவள் வலித்துப் பழகும் வள்ளம் கிடந்தது, ஒடுங்கியது, ஆறு பேருக்கானது. கவிழாமலிருக்க இடப்பக்கம் மட்டும் ஒரு மிதவை கட்டியிருந்தது. சுக்கான்காரர் தஹிதியில் பிறந்தவர். பாட்டன்மார் பிள்ளைகளையும் பன்றிகளையும் ஏற்றிக்கொண்டு தீவு தீவாகப் போன கதையைப் பிரெஞ்சில் சொன்னார். பயப்படவில்லையா என்று கேட்டேன். பயந்தபடிதான் போனார்கள் என்றார். பிறகு, கவிழ்ந்தால் ஒவ்வொருவரும் தன் இருக்கை எண்ணைக் கத்த வேண்டும் என்றார். துளசி மூன்று. அவளுக்குப் பின்னால் நான் நாலு.

பத்து மணிக்குப் புறப்பட்டோம். நடு ஏரிக்குப் போகுமுன் மலைக்காற்று இறங்கி, தண்ணீர் கறுத்தது. மன்னாரிலிருந்து அகதிப்படகில் இந்தியாவுக்குப் போனபோது ஓட்டி சொன்னது ஒன்றுதான்: குனி, அசையாதே, சத்தம் போடாதே. உடம்பு அதை மறக்கவில்லை. துடுப்பை விட்டுவிட்டு உள்ளே சுருண்டேன். பாரம் மிதவையில்லாத வலப்பக்கம் சாய, வள்ளம் கவிழ்ந்தது.

மிதவைச் சட்டை என்னை மேலே தூக்கியது. வள்ளத்தின் அடிப்பக்கத்தைப் பிடித்தபடி கிடந்தேன். மறுபுறம் குரல்கள் கேட்டன. ஒன்று. இரண்டு. மூன்று. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. என் வாய் திறக்க மறுத்தது.

"அப்பா! நாலு! நாலைச் சொல்லுங்கோ!"

அவள் அப்படி அலறி நான் கேட்டதே இல்லை.

"நாலு," என்றேன், தமிழில். ஐந்தும் ஆறும் பின்னால் வந்தன.

கரையில் நாலரைப் பிராங்குக்கு வாங்கிய கோப்பியை அவள் குடிக்காமலே என்னிடம் நீட்டினாள்.

"நான் போகேல்லை அப்பா. நீங்கள் பேசாமல் கிடந்த நேரம் எனக்கு உயிரே போட்டுது."

திரும்பும் ரயிலில் ஏரி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். என் பயம் துளியும் குறையவில்லை. அதே பயம் அவளுக்கும் வந்துவிட்டது. இனி இவள் கவனமாக இருப்பாள் என்று தோன்றியது. மனைவியின் அழைப்பு வந்தது. எடுக்காமல் மகளைப் பார்த்தேன்.

"தஹிதிக்குப் போட்டு வா பிள்ளை. கவிண்டால் உடன நம்பரைச் சொல்லு. இஞ்ச எனக்குக் கேக்காதுதான். எண்டாலும் சொல்லு."