பாலனைப் படகேற்றிய கிறிசாந்தா

கிறிசாந்தா படகில் ஏறப் போகிறாள் என்று யாராவது சொல்லியிருந்தால் சொச்சிமில்கோ ஊரில் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார்கள். வாய்க்கால் ஊரில் பிறந்து, வாய்க்கால் ஊரிலேயே வாக்கப்பட்டவள்தான். ஆனால் முப்பது வருஷமாகப் படகுத்துறைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. புருஷன் பிதென்சியோவின் பூத்தோட்டம் எதிர்த் திட்டில் இருக்கிறது. படகில் போனால் வெற்றிலை மடிக்கிற நேரம் என்று நம்மூரில் சொல்வோமே, அவ்வளவுதான். அவளோ பாலத்தைச் சுற்றிக்கொண்டு, சோற்றுக்கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தே போவாள். "கால் நல்லாத்தானே இருக்கு, நடந்தா தேஞ்சா போயிடும்?" என்பாள். காரணம் ஊருக்கே தெரியும். தெரிந்ததால் யாரும் கேட்பதில்லை.

அவளுக்கு ஒரே ஒரு பிள்ளை பிறந்தான். அனஸ்தாசியோ என்று பேர், கூப்பிடுவது தாச்சோ. மூன்று வயதில் வீட்டுக்குப் பின்னால் ஓடிய வாய்க்காலில் போய்விட்டான். அன்றைக்கு அவனைப் படகுச் சவாரி கூட்டிப்போவதாக இருந்தார்கள். பெரியவர்கள் கிளம்புவதற்குள் பிள்ளைக்குப் பொறுக்கவில்லை, தானே கிளம்பிவிட்டான். தண்ணீர் முழுக்க ஆகாயத்தாமரை மண்டிப் பச்சைப் பாய் விரித்தமாதிரி கிடந்ததில் எங்கே விழுந்தான் என்றே தெரியவில்லை. கரையில் அவனுடைய புது பூட்ஸ் இரண்டும் ஜோடியாக இருந்தன. கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டுப் போயிருந்தான். புது பூட்ஸை நனைக்கக் கூடாது என்று காலையில் மிரட்டி வைத்தவள் கிறிசாந்தாதான்.

பிள்ளையை அடக்கம் செய்த அடுத்த வருஷம் அவள் பேட்டை விழாக் குழுவிடம் போய், பாலனைத் தன் வீட்டில் தங்க வைக்கப் பேர் கொடுத்தாள். பாலன் என்றால் அந்தப் பேட்டையின் குழந்தை ஏசு. மரத்தில் செதுக்கியவர். ஒரு வயதுப் பிள்ளை அளவு இருப்பார். வருஷத்துக்கு ஒரு வீடு என்று மாறி மாறித் தங்குவார். அவருக்குக் காத்திருக்கிற வீடுகளின் வரிசையோ, இன்றைக்குப் பேர் கொடுத்தவன் பேரன் எடுத்த பிறகுதான் முறை வரும் என்கிற வரிசை. "உன் முறை வர்றப்ப நீ இருப்பியோ என்னமோ" என்று குழுவில் ஒருத்தர் கிண்டல் செய்தார். "இருந்துதானே ஆகணும்" என்றாள். இருந்தாள். முறையும் வந்தது.

அந்த வருஷம் முழுக்க அவள் வீட்டில் அடுப்பு அணையவில்லை. பாலனுக்குத் தனி அறை, கட்டில், கொசுவலை, அலமாரி நிறையச் சட்டை, தொப்பி, பொம்மை. தினமும் சாயங்காலம் பேட்டையே வந்து ஜெபம் சொல்லும். வந்தவர்களுக்குச் சோளக் கஞ்சியும், சோளமாவை இலையில் மடித்து அவித்த தமாலும் கொடுக்காமல் அனுப்புவதில்லை. ஜெபம் முடிந்ததும் பாலனைத் தாலாட்டிப் படுக்க வைப்பது கிறிசாந்தாவின் வேலை. அந்தத் தாலாட்டில் அவள் யார் பேரைச் சொன்னாள் என்று அப்போது யாரும் காதுகொடுத்துக் கேட்கவில்லை.

பிப்ரவரியில் மெழுகுவர்த்தித் திருநாளன்று பாலனை அடுத்த வீட்டுக்காரரிடம் ஒப்படைக்க வேண்டும். அதற்கு முந்தின ஞாயிறு, தங்க வைத்த வீட்டார் அவரைப் படகேற்றி வாய்க்கால் சுற்றி விருந்து வைப்பது வழக்கம். பிதென்சியோ மட்டும் பாலனோடு போவான், இவள் கரையில் நின்று கும்பிடுவாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவளோ படகுக்கார நிக்கானோரை வீட்டுக்கே வரச் சொல்லி, அடுப்படியில் உட்கார வைத்துத் திட்டம் போட்டாள்.

"முன்படகு பாலனுக்கு. நடுப்படகு பேண்டுக்கு. சாப்பாடு கடைசிப் படகுல."

"சாப்பாடு பின்னாடி வந்தா பேண்டுக்காரன் கழுத்து பின்னாடியே திரும்பியிருக்கும்க்கா. ஊதுறதெல்லாம் அபஸ்வரமா வரும்."

"நீ கழிய ஒழுங்கா ஊனு. ஸ்வரத்த அவன் பாத்துக்குவான்."

"சரி, முன்படகுல பாலன மடியில வச்சுக்கறது யாரு? அண்ணனா?"

"நான்தான். வேற யாரு, உன் மாமியாளா?"

நிக்கானோர் கஞ்சியை வாயில் வைத்தபடியே நிமிர்ந்து பார்த்தான். அப்புறம் குனிந்து குடித்து முடித்தான். கெட்டிக்காரன்.

படகின் முகப்பு வளைவைப் பிதென்சியோ பூவால் கட்டுவதாக ஏற்பாடு. பேச்சில் அவன் மகா கருமி. "வெள்ளையா, சிவப்பா?" என்றான். "வெள்ளை" என்றாள். அந்த மாதத்தில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டது அவ்வளவுதான் என்றாலும் நம்பலாம்.

எல்லாம் சரியாகத்தான் போயிற்று, காலுக்கு என்ன போடுவது என்கிற கேள்வி வரும்வரை. பாலனுக்கு அலமாரியில் இல்லாத பாதரட்சையா? பட்டில், தோலில், வெள்ளிக் கம்பி வைத்தது என்று அடுக்கியிருந்தது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். எதுவும் பிடிக்கவில்லை. கடைசியில் தன் கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியை இழுத்தாள்.

செத்த பிள்ளையின் துணிமணி பாலன் மேல் படக் கூடாது. அந்தப் பேட்டையில் பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம் அது. கிறிசாந்தாவுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். "ஒரே ஒரு தடவ. ஆசப்பட்டானே, அவனும் வரட்டுமே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மூன்று வயதுப் பிள்ளையின் பூட்ஸ் ஒரு வயது அளவு மரக்காலில் தொளதொளவென்று ஆட வேண்டும். ஆடவில்லை. சிக்கென்று பிடித்தது. கயிறு கட்டும்போது உள்ளே விரல் மடங்குவது அவள் கைக்குத் தெரிந்தது.

மறுநாள் காலையில் பூட்ஸின் அடியில் சேறு. இது ஒன்றும் புதிதில்லை. பாலன் வெளியே விளையாடப் போகிறார் என்று முன்பு தங்க வைத்த வீடுகளிலும் சொல்வார்கள். வந்த பெண்கள் சேற்றைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார்கள். ஆனால் பிதென்சியோ கொல்லையில் வேறொன்றைப் பார்த்தான். நாற்றுவிட வாய்க்கால் சேற்றை அள்ளிப் பரப்பி, கத்தியால் சதுரம் சதுரமாகக் கீறி வைத்திருந்தான். ஈரச் சேற்றில் சின்னச் சின்னக் கால் தடங்கள். வெறுங்கால். தண்ணீரிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தன. திரும்பிப் போன தடம் ஒன்றுகூட இல்லை.

அவன் பலகையை எடுத்துச் சேற்றைத் தடவி மூடினான். பெண்டாட்டியிடம் மூச்சுவிடவில்லை. அடுத்த நாளும் வந்திருந்தன. அடுத்த நாளும் மூடினான். அவள் சமையலறை ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

பாலன் கனக்கத் தொடங்கினார். தக்கை மாதிரி இருந்தவரை ஒரு கையால் தூக்கிக்கொண்டிருந்தவளுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. அப்புறம் மூச்சு வாங்கியது. "உங்க வீட்ட விட்டுப் போக அவருக்கு மனசில்ல" என்று பேட்டைப் பெண்கள் பொறாமையோடு சொன்னார்கள். பாலன் கனப்பதற்கு அங்கே அதுதான் அர்த்தம்.

அடுத்த வருஷத்து வீட்டுக்காரி ஒத்தீலியா, கைக்குழந்தைப் பேத்தியைச் சால்வையில் கட்டிக்கொண்டு வந்து போகிறவள். ஒரு சாயங்காலம் வாசலிலேயே கேட்டாள்: "ஏன்க்கா, நேத்து உங்க வாசல்ல நின்ன பிள்ள யாரு?"

"எந்தப் பிள்ள?"

"தலையெல்லாம் ஈரம். இந்தக் குளிர்ல வெறுங்காலு. ஏன்டா இப்படி நிக்குறன்னு கேட்டேன். 'எங்கம்மா படகு ஏற்பாடு பண்றாங்க, நானும் போறேன்'னான். உங்க சொந்தக்காரப் பிள்ளையோன்னு..."

கிறிசாந்தா கதவைப் பிடித்துக்கொண்டாள். "பக்கத்துல யாராச்சும் விருந்தாளி பிள்ளையா இருக்கும்" என்றாள். நியாயமாக அவள் பயந்திருக்க வேண்டும். அவளுக்கு வந்தது சந்தோஷம். முகமெல்லாம் பூரித்துப் போய் அடுப்படிக்குப் போனாள். 

ஞாயிற்றுக்கிழமை காலை வாய்க்காலில் மூடுபனி இறங்கியிருந்தது. கரை மரங்கள் இடுப்புக்கு மேலே மட்டும் தெரிந்தன. பாலனைத் துறைக்குக் கொண்டுவரப் பிதென்சியோவோடு இன்னும் இரண்டு ஆம்பிளைகள் தோள் கொடுக்க வேண்டியிருந்தது. கிறிசாந்தா படகுக்குள் கால் வைத்தபோது கரையில் சில பெண்கள் அழுதேவிட்டார்கள். அவள் முன்னால் உட்கார்ந்தாள். பின்னால் பிதென்சியோவும், பேத்தியைச் சால்வையில் கட்டிய ஒத்தீலியாவும் ஏறினார்கள். பாலனை அவள் மடியில் இறக்கினார்கள். படகு ஒரு சாண் இறங்கியது.

"முன்படகுல எத்தன பேரு?" நிக்கானோர் படகின் பின்முனையிலிருந்து கத்தினான்.

"எண்ணத் தெரியாதா? உன்னோட சேத்து ஆறு பேரு."

"இருபது பேர ஏத்தினாக்கூட இப்படி இறங்காதுக்கா."

"விருந்துச் சாப்பாடு நெனப்புல ரெண்டு நாளா நீ தின்ன கனமா இருக்கும். தள்ளு."

எல்லாரும் சிரித்தார்கள். பேண்டு முழங்கியது. கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து வந்த சத்தம் மெலிந்துகொண்டே வந்து, பனிக்குள் அமுங்கி, நின்றேவிட்டது. திரும்பிப் பார்த்தால் மற்ற இரண்டு படகுகளையும் காணவில்லை. நிக்கானோர் கோயில் வாய்க்காலுக்குத்தான் திருப்பினான், இன்றைக்கும் சத்தியம் செய்வான். பனி விலகிய இடத்தில் இருந்ததோ கிறிசாந்தா வீட்டுப் பின்வாய்க்கால். சுற்றிலும் ஆகாயத்தாமரை நெருக்கிக்கொண்டு நின்றது. ஊன்றிய கழியைச் சேறு விடவில்லை.

படகின் முன்பக்கம் மெல்லக் குனிந்தது. விளிம்பில் தண்ணீர் எட்டிப் பார்த்து, உள்ளே வழிந்தது. "அம்மாடி, பிள்ள இருக்கே!" என்று ஒத்தீலியா பேத்தியைத் தலைக்கு மேலே தூக்கினாள். அவளுக்கு நீச்சல் தெரியாது.

கிறிசாந்தாவுக்கு அந்தச் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. அவள் விரலை ஒரு சின்னக் கை பிடித்திருந்தது. மரக்கை இல்லை. ஜில்லென்று, மெத்தென்று இருந்தது.

"அம்மா, பூட்ஸ் நனையல பாரு."

"பாத்தேன்டா தங்கம்" என்றாள் வாய்க்குள்.

"அங்க இருட்டா இருக்கும்மா. நீயும் வா."

முப்பது வருஷமாக அவள் கேட்கத் தவமிருந்த குரல். அவள் குனிந்தாள். தண்ணீர் மடியைத் தொட்டது. இன்னும் கொஞ்சம் குனிந்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும் என்று இருந்தது. எவ்வளவு நிம்மதியாக இருந்தது! அப்போது தலைக்கு மேலே ஒத்தீலியாவின் பேத்தி வீறிட்டு அழுதது. குளிர்ந்த தண்ணீர் மேலே தெறித்த பச்சைப்பிள்ளையின் அழுகை. அந்த அழுகையைக் கேட்டும் கேளாதவளாக இருக்க அவளுக்குத் தெரியவில்லை.

அவள் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தாள். ஈரத்தில் முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் இழுத்தாள். இரண்டையும் கழற்றித் தண்ணீரில் விட்டாள். அப்படியும் படகு நிமிரவில்லை. விரலைப் பிடித்த கை விடவில்லை.

அப்போதுதான் அவள் அந்தப் பேரைச் சத்தமாகச் சொன்னாள். பிள்ளை போனதிலிருந்து நாலு பேர் காதில் விழ அவள் சொன்னதே இல்லை.

"தாச்சோ! நனைஞ்சா பரவாயில்லடா. போட்டுக்கிட்டே போ. அம்மா திட்டமாட்டேன். அன்னிக்கு நனைச்சிருந்தாலும் திட்டியிருக்க மாட்டேன், சும்மாதான்டா சொன்னேன். ஆனா அம்மா இப்ப வரல. நீ போ. போன்னு சொல்றேன்ல!"

கடைசி வார்த்தையை, சொல் பேச்சுக் கேட்காத பிள்ளையை அதட்டுகிற குரலில்தான் சொன்னாள். அழுதுகொண்டே சொன்னாள். விரலைப் பிடித்த பிடி ஒவ்வொரு விரலாகத் தளர்ந்தது. ஆகாயத்தாமரை இலைகள் ஒரு கோடாக விலகிப் போய், அன்றைக்கு பூட்ஸ் இருந்த கரையோரம் போனதும் மூடிக்கொண்டன. படகு சட்டென்று மேலே எழும்பியதில் நிக்கானோர் குப்புற விழுந்தான். மடியில் இருந்த பாலன் தக்கையாகிவிட்டார்.

பேண்டுச் சத்தம் பக்கத்திலேயே கேட்டது. மற்ற படகுகள் பனியிலிருந்து வெளியே வந்தன. எங்கே போயிருந்தீர்கள் என்று அவர்கள் இவர்களைக் கேட்டார்கள். ஒத்தீலியா பாலனை வாங்கித் தன் சால்வையில் பேத்தியோடு சேர்த்துப் போர்த்தினாள்.

பிதென்சியோ கிறிசாந்தாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்தபடி இருந்தார்கள்.

"போயிட்டானா?"

"போயிட்டான்."

பிதென்சியோ தொண்டையைச் செருமினான். தொப்பியைக் கழற்றினான், திரும்பப் போட்டுக்கொண்டான்.

"என்னக் கேட்டானா?"

முப்பது வருஷத்தில் பிள்ளையைப் பற்றி அவன் கேட்ட முதல் கேள்வி. தாச்சோ அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிறிசாந்தா புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

"கேட்டான்" என்றாள். "அப்பா எங்கன்னு கேட்டான்."

பிதென்சியோ தலையாட்டினான். குவளையை எடுத்து, படகில் தேங்கியிருந்த தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே ஊற்றத் தொடங்கினான்.