வெள்ளைக் கப்புகள் வாங்கிய கிறிஸ்துமஸ்

எங்கள் குடியிருப்பில் அந்த வருடம் மிக நல்ல கிறிஸ்துமஸ் குடில் எங்கள் வீட்டில்தான் இருந்தது. வந்து பார்த்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். அதைச் செய்தவள் என் மகள். கிறிஸ்துமஸ் வரை அவளை நான் வாசல் தாண்ட விடவில்லை. குடில் அவ்வளவு நன்றாக வந்ததற்குக் காரணம் அதுதான்.

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டிய குவார்ட்டர்ஸில் இருந்தோம். நான் ஆராய்ச்சி நிலையத்தில் அதிகாரி. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மகள் மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்த்தாள். காலையில் கம்பெனி பஸ்ஸில் போய் மாலையில் வருவாள். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பாடற்குழுவில் பாடுவாள். நவம்பரில் ஒருநாள், அதே தொழிற்சாலையில் வேலை செய்து அதே பாடற்குழுவில் பாடும் ஒரு பையனைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புவதாக எங்களிடம் சொன்னாள்.

எனக்கு அவனைத் தெரியும். நல்ல பையன். அவன் தாயையும் தெரியும். அவரும் குழுவில் பாடுகிறவர். ஒரே சபை, ஒரே பாட்டுப் புத்தகம். ஆனால் அவர்கள் செங்கல்பட்டை அடுத்த ஒரு கிராமத்தின் காலனியிலிருந்து வருகிறவர்கள். கிறிஸ்துவுக்குள் பேதமில்லை என்று அதே கோவிலில் நின்று நான் பேசியிருக்கிறேன். பேசும்போது நம்பித்தான் பேசினேன். மகள் சொன்னபோது என் வாயில் முதலில் வந்த கேள்வி, “அவங்க எந்தத் தெரு?” என்பது.

ஜனவரியில் ஊரிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டாரை வரச் சொன்னேன். அதுவரை அவள் வெளியே போகக் கூடாது. அலுவலகத்துக்கு லீவு சொல்ல வைத்தேன். வாசலில் இருந்த கம்பிக் கதவுக்கு ஒரு பூட்டு வாங்கினேன். சவுக்குத் தோப்பிலிருந்து குரங்குகள் வருகின்றன என்று பக்கத்து வீட்டில் சொல்லிவைத்தேன். சாவி என் சட்டைப் பையில் இருந்தது. நானும் லீவு போட்டேன். ஆக, இரண்டு பேருமே உள்ளே இருந்தோம். நடுவில் என் மனைவி.

சும்மா உட்கார்ந்திருந்தால் பேச்சு வந்துவிடும் என்று பயந்து கிறிஸ்துமஸ் வேலையை முன்கூட்டியே தொடங்கினேன். முந்திரி, திராட்சை, ஆரஞ்சுத் தோல் எல்லாம் ஊறப் போட்டாயிற்று. எண்ணெயில் பொரிக்கும் இனிப்புக் கலகலா செய்ய மைதாவும் தேங்காய்ப் பாலும் பிசைந்து கொடுப்பேன். அதற்கென்றே வைத்திருந்த புதுச் சீப்பின் பற்களில் சிறு உருண்டையை அழுத்திச் சுருட்டினால் கிளிஞ்சல் மாதிரி வரிவரியாக வரும். மற்ற வருடங்களில் யாருடையது பருமன், யாருடையது கோணல் என்று மூவரும் கேலி செய்துகொண்டே செய்வோம். அந்த வருடம் சீப்பில் மாவு ஒட்டிப் பிரியும் சத்தம்தான் கேட்டது. வெளியே மழை விடவில்லை. ஈரத் துணிகளை அறைக்குள்ளேயே கொடி கட்டிக் காயப்போட்டிருந்தோம். நட்சத்திரத்துக்கு ஒட்டிய கலர்க் காகிதம் காய மறுத்துத் தொய்ந்தது.

குடிலுக்கு வேண்டிய சாமான்களை நானே போய்க் கொண்டு வந்தேன். கடற்கரை மணல், மாமல்லபுரத்தில் சிலை செதுக்கும் பட்டறை வாசலில் கிடந்த கல் சில்லுகள், மரமாக நிறுத்த ஒரு சவுக்குக் கிளை. கேழ்வரகை ஈரத் துணியில் கட்டி முளைவிட்டு அவள் புல்வெளி வளர்த்தாள். பழுப்புக் காகிதத்தைக் கசக்கி மலை செய்தாள். மாட்டுத் தொழுவத்தைச் சிறியதாகக் கட்டிவிட்டு, பக்கத்தில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தாள். இரண்டு மாடியில் ஒரு சத்திரம். அதன் கதவருகே களிமண்ணில் ஒரு ஆள்.

பக்கத்து வீட்டு அம்மாள் பார்க்க வந்தார். அவர்கள் இந்துக்கள். தீபாவளிக்கு அவர்கள் பலகாரத் தட்டு எங்களுக்கு வரும், கிறிஸ்துமஸுக்கு எங்கள் தட்டு அவர்களுக்குப் போகும்.

“இது யாரும்மா, தொப்பையும் கண்ணாடியுமா?”

“சத்திரக்காரர் மாமி. மாசமா வந்தவங்களுக்கு இடமில்லைன்னு சொன்னாரே, அவர்.”

“அந்தக் காலத்துல கண்ணாடி ஏது?”

“படிச்சவர் மாமி.”

அந்த அம்மாள் சிரித்தார். நானும் என் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சேர்ந்து சிரித்தேன். மனைவி அடுக்களைக்குள் போய்விட்டாள்.

எங்கள் கோவிலில் ஒரு வழக்கம் உண்டு. பண்டிகைக்கு முன் பாடற்குழு வீடு வீடாக வந்து பாடும். வருகிறவர்களை உட்கார வைத்து, ஜெபம் செய்து, டீயும் பலகாரமும் கொடுக்க வேண்டும். எந்த வீடும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. சொன்னால் ஏன் என்று சபை கேட்கும். அந்த வருடம் வருகிறவர்களில் அவனும் இருப்பான், அவன் தாயும் இருப்பார். நான் எந்தக் கதவைப் பூட்டினேனோ அதே கதவை நானே திறந்து அவர்களை உள்ளே அழைக்க வேண்டும்.

கேக் மாவை நாங்கள் வீட்டில் கலக்கி, செங்கல்பட்டில் ஒரு பேக்கரி அடுப்பில் கொடுத்துச் சுட்டு வருவோம். ஸ்கூட்டரில் நான் ஓட்ட, மகள் பின்னால் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொள்வாள். அந்த வருடம் பாத்திரத்தைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு தனியாகப் போனேன். கேக் வேகும் நேரத்தில் பக்கத்துக் கடைக்குப் போய் ஒரு கட்டு வெள்ளை பிளாஸ்டிக் கப் வாங்கினேன், குடித்துவிட்டுத் தூக்கி எறிகிற கப்.

வழக்கமாகக் குழுவுக்கு எவர்சில்வர் டம்ளர்களில் டீ கொடுப்போம். மனைவி பரணிலிருந்து அவற்றை இறக்கி வைத்திருந்தாள்.

“அதை மேல வச்சிரு,” என்றேன். “அத்தனையையும் யார் கழுவுறது?”

“எல்லா வருஷமும் நான்தான கழுவினேன்,” என்றாள். பிறகு என் கையிலிருந்த கட்டைப் பார்த்தாள். டம்ளர்களைத் திரும்ப மேலே ஏற்றினாள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குக் குழு வந்தது. முன்னறையில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். மகளை உள்ளறையில் இருக்கச் சொல்லியிருந்தேன். மேளம் வைத்திருந்தவர் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“இன்னா சார், பாப்பா எங்க? ப்ராக்டீஸுக்கும் வர்ல. மேல் சுதிக்கு ஆளில்லாம ஒரே பேஜாரா கீது.”

“தொண்டை கட்டியிருக்கு,” என்றேன்.

பையன் தலை குனிந்திருந்தான். முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவது பாட்டின் பல்லவியில், எல்லோர் குரலுக்கும் மேலே, உள்ளறையிலிருந்து அவள் குரல் எழுந்தது. ஒரு பிசிறு இல்லை. குழுவில் சிலர் பாடிக்கொண்டே சிரித்துவிட்டார்கள்.

“தொண்ட நல்லாத்தான் கீது சார்,” என்றார் மேளக்காரர்.

“சார் வூட்ல பாட்டையும் பூட்டி வெச்சிக்கிறாரு,” என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். விளையாட்டாகத்தான் சொன்னார்.

அதற்கு மேல் அவளை உள்ளே வைத்திருக்க வழியில்லை. அவளே தட்டை எடுத்து வந்தாள். ஒவ்வொருவர் முன்னும் குனிந்து கப்பைக் கொடுத்தாள். அவனுக்கும் கொடுத்தாள், அவன் தாய்க்கும் கொடுத்தாள். என் திட்டப்படி எல்லாம் சரியாகவே நடந்தது. எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கப். யாரும் எதையும் சொல்ல முடியாது. ஆனால் மனைவி, முப்பது வருடப் பழக்கத்தில், எனக்கு என் டம்ளரில் டீ கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டாள். நானும் பழக்கத்தில் வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டேன்.

பையனின் தாய் என் டம்ளரைப் பார்த்தார். தன் கையிலிருந்த கப்பைப் பார்த்தார். பிறகு என் மனைவியிடம், “இதுதாம்மா சவுரியம். உங்களுக்கும் கழுவுற வேல மிச்சம்,” என்றார். குரலில் குத்தல் எதுவும் இல்லை. டீயை முழுவதும் குடித்துவிட்டு, கப்பை நசுக்காமல் ஓரமாக வைத்தார். நான் ஜெபம் செய்தேன். என்ன ஜெபித்தேன் என்று நினைவில்லை.

மறுநாளிலிருந்து மகள் டம்ளரைத் தொடவில்லை. தண்ணீர், காபி, மருந்து எல்லாம் அந்த வெள்ளைக் கப்பில்தான். குடித்ததும் கழுவிக் கவிழ்த்து வைப்பாள். “தூக்கி எறியம்மா, அதுக்குத்தான் வாங்கினது,” என்றேன்.

“தெரியும்பா. எதுக்கு வாங்கினதுன்னு தெரியும்.”

கப் விளிம்பில் விரிசல் விழுந்து உதட்டில் கீறியபோதும் அதை மாற்றவில்லை. நான் அவள் குடிப்பதைப் பார்க்காமல் இருக்க வேறு அறைக்குப் போவேன். அந்த வீட்டில் போவதற்கு அறைகள் அதிகம் இல்லை.

கிறிஸ்துமஸ் விடியற்கால ஆராதனைக்கு மகளை அழைத்துப் போகாமல் இருக்க முடியாது. எங்களில் அதை யாரும் தவறவிடுவதில்லை. எனக்கும் என் மனைவிக்கும் நடுவில் அவளை உட்கார வைத்தேன். நான் எப்போதும் முன்வரிசையில்தான் உட்காருவேன். பக்தி என்று சபையார் நினைத்தார்கள். திருவிருந்தில் ஆயர் திராட்சரசக் கிண்ணத்தை ஒவ்வொருவர் உதட்டிலும் வைத்துக்கொண்டே போவார். முன்வரிசைக்காரர்கள் முதலில் குடிப்பார்கள். எனக்குப் பிறகு யார் குடித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. இதை நான் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. மகள் கண்டுபிடித்திருந்தாள்.

எங்கள் வரிசை எழுந்தபோது அவள் எழவில்லை. நான் மண்டியிட்டு, குடித்து, திரும்பி வந்தேன். கடைசி வரிசை எழுந்து வந்தபோது அவள் எழுந்துபோய் அந்தத் தாயின் பக்கத்தில் மண்டியிட்டாள். அவர் குடித்த கிண்ணத்தில் அவர் உதடு பட்ட இடத்திலேயே அவளும் குடித்தாள். ஆயர் கிண்ணத்தைத் துடைத்துத் திருப்ப அவள் நேரம் கொடுக்கவில்லை.

ஆராதனை முடிந்து வெளியே எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டிருந்தோம். விடிந்துகொண்டிருந்தது. தட்டுகளில் கேக் துண்டுகள் சுற்றி வந்தன. மகள் என் எதிரில் வந்து நின்றாள்.

“அப்பா, நான் அவங்ககூடப் போறேன்.”

அவள் பின்னால் பையனும் அவன் தாயும் நின்றார்கள். தாய்தான் பேசினார். “ஐயா, நாங்க கூப்புடல. அதுவா வருது. நீங்க வேணாம்னு ஒரு வார்த்த சொல்லுங்க, உட்டுட்டுப் போறோம்.”

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று ஒருவர் கேட்பார். சுற்றிலும் சபை. ஆயர் கையில் கேக்குடன் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் பையனின் கையைப் பிடித்துக் குலுக்கி, “ஹேப்பி கிறிஸ்மஸ்,” என்றேன். அவர்கள் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்கள். பெற்றவனின் சம்மதம் என்று சபை அதை எடுத்துக்கொண்டது. அது சம்மதம் இல்லை. சபைக்கு முன்னால் என் சாதியைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். அந்த வெட்கம் இருந்த அளவுக்கு அன்பு இருந்ததா என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

குடிலை ஜனவரி ஆறாம் தேதிவரை கலைக்கக் கூடாது. பார்க்க வந்தவர்கள் மகள் எங்கே என்று கேட்டார்கள். ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன். கேழ்வரகுப் புல் உயரமாக வளர்ந்து சத்திரக்காரரை மறைத்துவிட்டது. யாரும் தண்ணீர் ஊற்றாமல் அதுவும் பழுத்துச் சாய்ந்தது. கம்பிக் கதவின் பூட்டை எடுக்க எனக்குத் தோன்றவில்லை. பல மாதம் மாலையில் பூட்டி, காலையில் திறந்துகொண்டிருந்தேன். உள்ளே இருந்தது நாங்கள் இருவர்.

அவர்கள் கல்யாணத்துக்கு மனைவி மட்டும் போனாள். பிறகும் போய் வந்துகொண்டிருந்தாள். எங்கே போகிறாய் என்று நான் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் செங்கல்பட்டில் வீடு பார்த்துக் குடிபோன பிறகும் அப்படியே. மகள் வீடு நடந்து போகும் தூரம்தான். சில வருடங்கள் கழித்து மனைவி இறந்தாள். மகள் வந்தாள், அழுதாள், செய்ய வேண்டியதையெல்லாம் செய்தாள், போனாள்.

அந்த டிசம்பரில் தனியாக மாவு பிசைந்தேன். பழைய சீப்பு டப்பாவில் இருந்தது. கலகலா பாதி கருகி, பாதி சுருளாமல் விரிந்து வந்தது. அதை ஒரு தட்டில் வைத்து, துணி போட்டு மூடி, கிறிஸ்துமஸ் அன்று மகள் வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

அந்தத் தாய்தான் வாசலுக்கு வந்தார். முடி நரைத்திருந்தது. “வாங்கய்யா, உள்ள வாங்க,” என்றார். மாப்பிள்ளை எழுந்து நின்றான். மகள் தட்டை வாங்கித் துணியை விலக்கிப் பார்த்தாள். ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். “சக்கரை பத்தல,” என்றாள். அவ்வளவு வருடம் கழித்து அவளாக என்னிடம் பேசியது அதுதான்.

டீ வந்தது. மாப்பிள்ளைக்கு டம்ளர், மகளுக்கு டம்ளர், தாய் கையிலும் டம்ளர். எனக்கு ஒரு காகிதக் கப்.

“நீங்க வருவீங்கன்னு உங்க பாப்பா சொல்லிகினே இருந்துச்சு,” என்றார் அந்தத் தாய். “அதான் கடையாண்ட போயி வாங்கியாந்தேன். புதுசுய்யா. யாரும் வாய் வெக்கல.”

என் மனம் புண்படக் கூடாதே என்ற கவனம்தான் அந்த முகத்தில் இருந்தது. மகள் என்னைப் பார்த்தாள். “எனக்கும் டம்ளரிலேயே கொடுங்கம்மா,” என்றேன்.

“இருக்கட்டும்யா. எங்களுக்காவ நீங்க கஷ்டப்பட வேணாம்.”

மறுபடி கேட்டேன். அவர் மறுபடி அதையே சொன்னார். சூட்டில் காகிதம் நெகிழத் தொடங்கியது. கையை மாற்றி மாற்றிப் பிடித்துக் குடித்தேன்.

அதன் பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் போகிறேன். சர்க்கரை கூடச் சேர்க்கிறேன், மகள் சாப்பிடுகிறாள். என்னை அந்தத் தாய் இன்றும் ஐயா என்றுதான் அழைக்கிறார், சம்பந்தி என்று ஒருமுறையும் அழைத்ததில்லை. டம்ளர் கேட்பதை நான் நிறுத்தவில்லை. அந்தக் கப் கட்டு அவர்கள் அலமாரியில், டம்ளர்களுக்குப் பக்கத்தில், பாலித்தீன் உறைக்குள் இருக்கிறது. அந்த வீட்டில் வேறு யாரும் அதைத் தொடுவதில்லை. வருடத்துக்கு ஒன்றாக எடுத்தால் எப்போது தீரும்.